முறையா ஒரு மன்னிப்பு

டிக்கெட்டை வாட்ச் பட்டையில சொருகாதிய தம்பி. பறந்துரும். அப்புறம் செக்கிங்குக்கு ஏறுதவன்கிட்ட எடுத்தேன் எடுத்தேன்னு நின்னா அவன் கேக்க மாட்டான். நான் கேட்டதே இல்ல. இந்த ரூட்டுல எல்லாம் செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன் சொல்லுதேன், சட்டைப் பையில வையுங்க. பூதலிங்கம்னு பேரு. இன்னைக்கும் பஸ் ஸ்டாண்டுல என் தலையைக் கண்டா பழைய கண்டக்டருங்க பையைச் சரி பண்ணிக்கிடுவானுவ.

எங்க, சாத்தான்குளமா? நானும் அங்கதான் இறங்கணும். இறங்கி உள்ள ஒரு ஊருக்குப் போகணும். ஒரு நர்சு வீட்டுக்கு. சொந்தமான்னா கேக்கிய? நல்லா கேட்டிய! அவ மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தவன் நான். அவளாலதான் எம் பொண்டாட்டி இன்னைக்குப் படுத்த படுக்கையாக் கிடக்கா. அவ வீட்டு வாசலுக்கு நானே பஸ் ஏறிப் போற மாதிரி ஆயிட்டு பாத்தியளா, அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது.

சொல்லுதேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

எம் பொண்டாட்டி உலகம்மாள், வீட்டுப் பின்வாசல்ல பாசி வழுக்கி விழுந்தா. இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. சின்ன ஆஸ்பத்திரியில காட்டி ஏமாற நான் ஆளு இல்ல. திருநெல்வேலியிலயே பெரிய ஆஸ்பத்திரியாப் பாத்துச் சேத்தேன். பேரு வேண்டாம் தம்பி, ஆஸ்பத்திரி மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதை முதல்லயே சொல்லிருதேன். உள்ள நுழைஞ்ச உடனே ஒரு பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டு வணக்கம் சொல்லுதா. பெரிய மீன்தொட்டி. உக்காந்தா எந்திரிக்க மனசு வராத மாதிரி நாற்காலி. ஆபரேஷன் பண்ணின டாக்டரும் தங்கமான கைக்காரர். எலும்பு நல்லாச் சேந்துரும், ரெண்டு மாசத்துல நடந்துருவாவன்னு அவரே வந்து சொன்னாரு. எல்லாம் சரி. நர்சு சரியில்ல. அம்புட்டுதான் கதை.

ஜெஸ்லின்னு பேரு. சின்னப் பொண்ணுதான், இருபத்தஞ்சு இருபத்தாறு இருக்கும். நாங்க போய்ச் சேரும்போது அந்த மாடியில ரெண்டு நர்சும் ஒரு ஆயாவும் இருந்தாவ. ரெண்டு மூணு நாள்ல ஆயாவை நிறுத்திட்டாவ. ஒரு நர்சை வேற மாடிக்கு அனுப்பிட்டாவ. மேனேஜர் தம்பி எங்கிட்ட வெளக்கமாவே சொன்னாரு: "சார், இப்போ எல்லா இடத்திலயும் இதுதான் முறை. ஒரே ஸ்டாஃப் எல்லா வேலையும் பாப்பாங்க." எனக்கு அதுல தப்பு தெரியல. நிர்வாகம்னா அப்படித்தான் இருக்கணும். ஒரு கண்டக்டர் ஒத்தையில நின்னு நூறு பேருக்கு டிக்கெட் கிழிக்காம்லா? இவளுக்கு முப்பது பேரைப் பாக்க முடியலன்னா என்ன அர்த்தம்?

என்ன சொன்னிய? கண்டக்டர் யாரையும் தூக்கி உக்கார வைக்க வேண்டாமா? நீங்க ஒரு ஆளு! வாதத்துக்குன்னு பேசக் கூடாது தம்பி. வேலைன்னு வந்துட்டா வேலைதான்.

கட்டில் தலைமாட்டுல ஒரு பெல்லு இருக்கும். அமுக்கினா நர்சு வரணும். அதுக்குத்தானே பெல்லு? நான் அமுக்குவேன். வர மாட்டா. மறுபடி அமுக்குவேன். வர மாட்டா. வராந்தாவுல எட்டிப் பாத்தா இந்த ரூமுக்கும் அந்த ரூமுக்கும் ஓடுதா. நடக்கது கிடையாது, ஒரே ஓட்டம். ஓட்டத்தைப் பாத்து நான் ஏமாறுவேனா? செக்கிங்குக்கு ஏறும்போது எத்தனை கண்டக்டர் இப்படி பரபரன்னு ஓடியிருக்கான் என் கண்ணு முன்னால! வேலை செய்யுதவன் நிதானமா இருப்பான். ஓடுதவன் எதையோ மறைக்கான். இது என் அனுபவம்.

ஒரு நாள் சாயங்காலம், காப்பி வர்ற நேரம், பெல்லை அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு நானே தேடிப் போனேன். மருந்து வைக்கிற ரூமுக்குள்ள நின்னுக்கிட்டே சோறு திங்கா. கையில பொட்டலம், மருந்து அலமாரி மேல சாஞ்சுக்கிட்டு. பொழுது சாயுத நேரத்துல மதியச் சோறு! நேரம் காலம்னு ஒரு ஒழுங்கு வேண்டாமா மனுசனுக்கு? "என்னம்மா, இது சாப்பிடுத நேரமா?"ன்னு கேட்டேன். வாயில இருந்ததை முழுங்கிட்டு, "இப்பதான் சார் கை ஒழிஞ்சுது. இன்னா வந்துட்டேன்"ன்னா. பொட்டலத்தை அப்படியே மூடி வச்சுட்டு வந்தா. கண்டிப்புன்னா கண்டிப்பு. ஒரு வார்த்தை சொன்னா வேலை நடக்கு பாத்தியளா?

எம் பொண்டாட்டி ஒரு மாதிரிப் பட்டவ தம்பி. அவ யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டா. "அவளை எதுக்குச் சும்மா சும்மா கூப்பிடுதிய, பாவம், காலையில இருந்து ஓடிக்கிட்டே இருக்கா"ம்பா. நல்லவன்னு பேரு எடுக்கதுல அவளுக்கு ஒரு ஆசை. அந்த நர்சு தலை வாரி விடுவா, காலு பிடிச்சு விடுவா, அதுக்கு நேரம் இருக்கு. ஏதோ ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சுக்கிடுவாளுவ. நான் உள்ள போனா நிறுத்திருவாளுவ. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எம் பொண்டாட்டி எங்கிட்ட இது வேணும், அது வேணும்னு ஒரு நாள் வாய் திறந்து கேட்டது கிடையாது. அவ்வளவு திருப்தியா வச்சிருந்தேன். நெஞ்சுல கை வச்சுச் சொல்லுதேன்.

இதைச் சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா இதைச் சொல்லாம விஷயம் விளங்காது. படுத்த ஆளுக்குப் படுக்கையிலயே எல்லாம் ஆகணும்லா? பெட்பேன்னு ஒண்ணு, கட்டிலுக்குக் கீழ வச்சிருப்பாவ. ஆயா இருந்த வரைக்கும் ஆயா வச்சா. ஆயாவை நிறுத்தின பெறகு ஜெஸ்லின்தான் வரணும். அவ எப்பம் வருவா? அவ இஷ்டம். ஒரு மத்தியானம் உலகம்மாள் முகமே ஒரு மாதிரி ஆயிட்டு. என்னைப் பாத்தா. கட்டிலுக்குக் கீழ பாத்தா. மறுபடி என்னைப் பாத்தா. எனக்குப் புரியாம இல்ல. புரிஞ்சாலும் அது முறையா? சொல்லுங்க. ஒரு ஆம்பிளை செய்யுத காரியமா அது? நான் பெல்லை அமுக்கிட்டு, கதவைச் சாத்திட்டு, வராந்தாவுல வந்து நின்னேன். மரியாதை தெரிஞ்சவன் அதைத்தான் செய்வான்.

அவ வந்தா. தாமதமாத்தான் வந்தா. அதுக்குள்ள துணியெல்லாம் நனைஞ்சு போச்சு. உலகம்மாள் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. நான் வாசல்ல நின்னு சத்தம் போட்டேன். "ஏம்மா, எவ்வளவு நேரமா அடிக்கேன், காது கேக்கலியா?" அவ துணியை மாத்திக்கிட்டே சொல்லுதா: "சார், கடைசி ரூம் தாத்தாவுக்கு மூச்சுத் திணறல். விட்டுட்டு வர முடியல." அந்தத் தாத்தாவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நானும் காசு கட்டித்தானே இருக்கேன்?

அதோட விட்டிருந்தாக் கூட நானும் போட்டும்னு விட்டிருப்பேன். எல்லாம் முடிச்சு, கையைக் கழுவிட்டு, எம் பக்கத்துல வந்து மெதுவாச் சொல்லுதா: "சார், நான் இந்த மாடிக்கே ஒத்த ஆளு. அவசரத்துக்கு நீங்களே வச்சு எடுத்துரலாம். ரொம்ப லேசு. அம்மாவை இப்படி ஒருக்களிச்சுப் பிடிச்சுக்கிடணும். வாங்க, நான் சொல்லித் தாரேன்."

எனக்குச் சொல்லித் தாராளாம்!

உத்தியோகத்துல இருந்த காலத்துல டெப்போ மேனேஜர் கூட என்னை நிக்க வச்சுப் பேசினது இல்ல. இந்தச் சின்னப் பொண்ணு, பொண்டாட்டி முன்னால, என்னைப் பாத்து பெட்பேன் எடுன்னு சொல்லுதா. உலகம்மாள் வேற படுத்துக்கிட்டே, "அவ நல்லதுக்குத்தானே சொல்லுதா"ங்கா. அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன். இதை விடக் கூடாது.

அந்த ஆஸ்பத்திரியில புகார் சொல்ல அலைய வேண்டாம், அந்த வசதியைப் பாராட்டத்தான் வேணும். அதுக்குன்னே ஒரு பொண்ணு. கோட்டுப் போட்டுக்கிட்டு, கையில ஒரு தட்டையான கம்ப்யூட்டரோட, காலையிலயும் சாயங்காலமும் தவறாம வருவா. நர்சு வராட்டாலும் அவ வருவா. "எங்க சேவை உங்களுக்குத் திருப்தியா சார்?"னு கேப்பா. அதுல மஞ்சளா ஒரு சிரிச்ச மூஞ்சி, ஒரு சும்மா இருக்கிற மூஞ்சி, ஒரு அழுத மூஞ்சி. நமக்குப் பிடிச்சதை அமுக்கணும். நான் அழுத மூஞ்சியை அமுக்கினேன். அமுக்கின கையோட, "என்ன குறை சார்?"னு கேட்டா. எல்லாத்தையும் சொன்னேன். சோறு தின்னதையும் சொன்னேன். மறுநாள் காலையிலயே மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டாவ. என்ன வேகம் பாருங்க!

கீழ்த்தளத்துல ரூம். ஜிலுஜிலுன்னு ஏசி. நல்ல காப்பி கொண்டு வந்து வச்சாவ. மேனேஜர் டை கட்டின சின்னப் பையன்தான், ஆனா மரியாதை தெரிஞ்சவன். "உங்க மாதிரி பெரியவங்க சொல்றதுதான் சார் எங்களுக்குப் பாடம். இந்த மாதிரி குறைகளைக் கேக்கிறதுக்குன்னே புதுசா ரெண்டு பேரை வேலைக்கு எடுத்திருக்கோம்"ன்னாரு. எனக்குச் சந்தோஷமா இருந்துது. நர்சு ஒருத்தியைக் குறைச்சாலும் குறை கேக்க ரெண்டு பேரைப் போட்டிருக்காவன்னா, நிர்வாகம் நோயாளியை மதிக்குன்னுதானே அர்த்தம்?

சிரிக்காதிய தம்பி. சீரியஸா சொல்லிக்கிட்டிருக்கேன்.

"உங்களுக்கு என்ன பண்ணணும் சார், சொல்லுங்க"ன்னாரு. நான் பெருசா ஒண்ணும் கேக்கல. வேலையை விட்டுத் தூக்குன்னு கேக்கல. சம்பளத்தைப் பிடின்னு கேக்கல. ஒரு மன்னிப்பு. அவ இங்க வந்து, எம் முன்னால நின்னு, முறையா ஒரு மன்னிப்பு கேக்கணும். அவ்வளவுதான். அது தப்பா?

போன் போட்டு அவளைக் கீழ வரச் சொன்னாரு. "மேல யாரும் இல்ல சார், ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வரட்டுமா"ன்னு அவ கேக்கது எனக்கே கேட்டுது. "உடனே வாங்க"ன்னு இவரு கண்டிப்பாச் சொல்லிட்டாரு. வந்தா. மூச்சு வாங்குது, நெத்தியெல்லாம் வேர்வை. லிப்டுக்குக் காத்திராம படியில இறங்கி ஓடி வந்திருக்கா. வந்த உடனே ஒரே மூச்சுல, "தாமதமா வந்ததுக்கு மன்னிச்சுக்கிடுங்க சார், இனிமே நடக்காது, நான் மேல போட்டுமா?"ன்னா.

இது மன்னிப்பா? பஸ்சுல கால் மிதிச்சவன் கூட இதை விட நல்லாக் கேப்பான். அதுல ஒரு வருத்தம் வேண்டாமா? நான் சொன்னேன்: "அவசரமே இல்லம்மா. நிதானமா, முதல்ல இருந்து சொல்லு. எதுக்காக மன்னிப்பு கேக்கே? அதைச் சொல்லிக் கேளு." மேனேஜரும், "கரெக்ட்டா சொல்லுங்க சிஸ்டர்"ன்னாரு.

அவ ஆரம்பிச்சா. நடுவுல அவ இடுப்புல இருந்து கீக்கீன்னு ஒரு சத்தம். சின்ன மிஷின் ஒண்ணு சொருகியிருந்தா, செல்போன் மாதிரி. மேல யாராவது பெல் அமுக்கினா அதுல சிவப்பு லைட் எரிஞ்சு ரூம் நம்பர் காட்டுமாம். அதை எடுத்துப் பாத்தா. பாத்துட்டு, "சார், மேல..."ன்னா. "பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத"ன்னேன். "இல்ல சார், இது..."ன்னா. "முதல்ல அதைக் கீழ வை"ன்னேன். மேனேஜர் கையை நீட்டி அதை வாங்கி, சத்தத்தை நிறுத்தி மேசை மேல வச்சாரு. லைட் மட்டும் மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுது. அவ கண்ணு அதுலயே இருக்கு. என் முகத்தைப் பாத்து மன்னிப்பு கேக்கணும்ல? அதுக்காக இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

கடைசியா முறையாத்தான் கேட்டா. அழுதுக்கிட்டே கேட்டா. எனக்கும் மனசு இளகிட்டு. "சரி, போ. இனிமே ஒழுங்கா இரு"ன்னேன். அவ மிஷினை எடுத்துக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடிட்டா. கோட்டுப் போட்ட பொண்ணு கம்ப்யூட்டரை எம் பக்கம் நீட்டி, "இப்போ திருப்தியா சார்?"னா. நான் சிரிச்ச மூஞ்சியை அமுக்கினேன். காப்பி ஆறிப் போயிருந்துது, வேற கொண்டு வரச் சொன்னாவ.

அந்தக் காப்பி வர்றதுக்குள்ள மேல இருந்து போன் வந்துட்டு.

உலகம்மாள் கீழ விழுந்து கிடந்தா. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல. பெல்லை அமுக்கியிருக்கா. யாரும் வரல. மறுபடியும் துணி நனைஞ்சுருமோன்னு பயந்து, கட்டில் கம்பியைப் பிடிச்சுத் தானா இறங்கியிருக்கா. ஆபரேஷன் பண்ணின அதே இடுப்புல மறுபடி அடி. நான் போய்ப் பாக்கும்போது ஜெஸ்லின் தரையில உக்காந்து அவ தலையை மடியில வச்சிருக்கா. ரெண்டு பேரும் அழுதாளுவ. நான் கத்துன கத்துல அந்த மாடியே கூடிட்டு. "படுத்த ஆளு எந்திரிக்கும்போது பக்கத்துல இருக்க வேண்டியவ நீ எங்கடி போன?"ன்னு கேட்டேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அவ்வளவுதான்.

என்ன தம்பி? "அவ உங்க முன்னாலதானே நின்னா"வா? அது எனக்குத் தெரியாதா? அது வேற விஷயம். மேல ஆள் இல்லன்னா ஆள் மாத்தி விட்டுட்டு வரணும். யாரை மாத்தி விடன்னு எங்கிட்டக் கேட்டா எப்படி? அது அவ பாடு, ஆஸ்பத்திரி பாடு. மிஷின்ல எரிஞ்சது எங்க ரூம் நம்பர்தானாம். பெறகு தெரிஞ்சுது. அப்பம் வாயைத் திறந்து, "சார், அடிக்கது உங்க ரூம்தான்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொன்னாளா? மேல, மேலன்னு முழுங்கினா. நான் குறுக்க பேசாதன்னு சொன்னேன்தான். அதுக்காக? சொல்ல வேண்டியதை அடிச்சுச் சொல்லணும். எனக்குப் பயந்துக்கிட்டு உண்மையைச் சொல்லாம இருந்தது யார் தப்பு?

ஆஸ்பத்திரிக்காரங்க உடனே நடவடிக்கை எடுத்தாவ. சாயங்காலத்துக்குள்ள அவளை வேலையை விட்டு அனுப்பிட்டாவ. நான் கேக்கல, அவங்களாவே செஞ்சாவ. எனக்கு ஒரு பழக்கூடை வந்துது. அதுக்கு அடுத்த நாள்ல இருந்து நாலு நாள் அந்த மாடிக்குன்னு தனியா நர்சே கிடையாது. கீழ் மாடியில இருந்து ஒருத்தி வந்து எட்டிப் பாத்துட்டுப் போவா. அவளை எப்பமும் பாக்க முடியாததால குறை சொல்லவும் ஆளில்லாமப் போச்சு.

ரெண்டாவது ஆபரேஷன் சரியா வரல. டாக்டர் முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது. "வயசாயிட்டு, எலும்பு தேறல. இனி நடக்கது கஷ்டம்"ன்னுட்டாரு. வீட்டுக்குக் கிளம்புத அன்னைக்கு கோட்டுப் பொண்ணு உலகம்மாள்கிட்டயும் கம்ப்யூட்டரை நீட்டினா. "எந்த மூஞ்சியை வேணும்னாலும் அமுக்குங்கம்மா." இவ அதைப் பாக்கவே இல்ல. "அந்தப் பிள்ளை எங்க?"ன்னு மட்டும் கேட்டா. நான்தான் இவளுக்குப் பதிலா அமுக்கினேன். சிரிச்ச மூஞ்சியைத்தான் அமுக்கினேன். அவங்க என்ன செய்வாவ பாவம், நடவடிக்கை எடுத்துட்டாவள்ல?

மக கோயம்புத்தூர்ல இருக்கா. வந்தா, பத்து நாள் பாத்தா. போகும்போது அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு நின்னா. "உங்களால ஒண்ணும் ஆகாது"ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லுதா. எம் பொண்டாட்டியை எனக்குப் பாக்கத் தெரியாதா? "ஊரு சிரிக்கவா? அவ இந்த வீட்டை விட்டு எங்கயும் வர மாட்டா"ன்னு சொல்லிட்டேன். மக கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. போன் பேசுததும் நின்னு போச்சு.

பெறகு ஆள் போட்டேன். ஒருத்தி இல்ல, வரிசையா. ஒருத்திகூட நிக்கல. நான் என்ன கொடுமையா படுத்தினேன்? எத்தனை மணிக்கு வந்தே, எத்தனை மணிக்குப் போனேன்னு கையெழுத்துப் போடணும்னேன். போகும்போது பையைத் திறந்து காட்டணும்னேன். எங்க டெப்போவுல இதெல்லாம் சர்வ சாதாரணம். கடைசியா வந்தவ பையை என் காலடியில கொட்டிட்டு, "பாத்துக்கிடுங்க, ஒரு சேலையும் ஒரு டப்பாவும்தான்"னு கத்திட்டுப் போனா. என்ன திமிரு! இந்தக் காலத்துல வேலைக்காரங்கள எதுவும் கேக்க முடியல தம்பி.

முந்தாநாள். உலகம்மாள் பேச்சையே விட்டுட்டா இப்பம்லாம். நான் பேப்பர் வாசிச்சுக் காட்டினா கேட்டுக்கிட்டுக் கிடப்பா. முந்தாநாள் திடீர்னு, "இங்க பாருங்க"ன்னா. நான் பேப்பரைக் கீழ வச்சேன். "அந்த ஜெஸ்லின் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வாரியளா?"ன்னா.

யோசிச்சுப் பாருங்க. கல்யாணம் ஆகி இவ்வளவு காலத்துல எங்கிட்ட முதல் முதலா ஒண்ணு கேக்கா. நகை கேட்டிருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன். காசிக்குக் கேட்டிருந்தா கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். அவ கேட்டது அந்த நர்சை! எனக்கு வந்த கோவத்துக்கு, எந்திரிச்சு வெளிய போயிட்டேன். தெருவைச் சுத்திட்டு வந்தேன். வந்து பாத்தா அதே மாதிரி வாசலைப் பாத்துக்கிட்டுக் கிடக்கா. என்ன செய்ய? ஆஸ்பத்திரி வாட்ச்மேன்கிட்டப் போய் நின்னு அவ ஊரைக் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பாத்துட்டுத்தான் சொன்னான். நம்பரும் குடுத்தான். போன் போட்டா முதல்ல எடுக்கல, பெறகு எடுத்தா. பேரைச் சொன்னேன், உடனே வச்சுட்டா. அதான் நேர்லயே போறேன்.

மன்னிப்பா? நானா? எதுக்கு? அவ பண்ணின தப்புக்கு நான் மன்னிப்பு கேக்கணுமா? நல்லாருக்கே நியாயம்! அங்க போய், "நடந்தது நடந்து போச்சு, நான் மன்னிச்சுட்டேன், வா"ன்னு சொல்லப் போறேன். ஆஸ்பத்திரியில குடுத்ததை விடக் கூடத் தாரேன். வரணும். வராட்டா வாசல்லயே உக்காந்துருவேன். கையெழுத்தெல்லாம் கூட வேண்டாம்னு விட்டுருதேன், போங்க. இதுக்கு மேல ஒரு மனுசன் எவ்வளவு இறங்கி வர முடியும்?

இப்பம் அம்மாகிட்ட யாரு இருக்கான்னா கேக்கிய? யாரு இருப்பா? ஆள் இல்லாமத்தானே ஆள் கூப்பிடப் போறேன்! பயப்படாதிய, கதவை வெளியில பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். இன்னா, சாவி பையில இருக்கு. பக்கத்து வீட்டுலயா? எதுக்கு? நம்ம வீட்டுச் சங்கதி ஊருக்கெல்லாம் தெரியணுமா? சாயங்காலத்துக்குள்ள திரும்பிருவேன்.

ஏன் தம்பி அப்படிப் பாக்கிய? யோசிக்காம வருவேனா நான்? எல்லாம் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். துணி நனையக் கூடாதுல்லா, நான் வர்ற வரைக்கும் தண்ணி குடிக்காதன்னேன். சரின்னு தலையை ஆட்டினா. பக்கத்துல இருந்த டம்ளரை அவளே கையை நீட்டி எட்டாத தூரத்துக்குத் தள்ளி வச்சுட்டா. அவ்வளவு சொன்னபடி கேக்கிற பொம்பள தம்பி அவ.